நோர்வித்: அருகிப்போன ஒரு குடும்பப்பெயரின் வரலாறு

பெயர் என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய உதவும் அடையாளம் மட்டும் அன்று. அஃது அவருடைய மொழியையும் மண்ணையும் முன்னோரையும் சுமந்துவரும் சிறியதோர் ஆவணமும் ஆகும். ஏடுகள் எரிந்துபோன இடத்திலும், எல்லைகள் மாறிப்போன நாட்டிலும், ஓர் ஆட்பெயர் எஞ்சி நின்று பழஞ்செய்தியைச் சொல்லிவிடுவதுண்டு. அத்தகைய ஒரு பெயரைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் வட்டத்தின் கூட்டங்களில் போலந்துக் கவிதை பற்றிய பேச்சு எழும்போது, 1980ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற செஸ்லாவ் மிலோஸ், 1996ஆம் ஆண்டு அப்பரிசைப் பெற்ற விஸ்லவா சிம்போர்ஸ்கா ஆகிய இருவரின் பெயர்களே முதலில் நம் நாவில் வரும். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டவர் சிப்ரியன் கமில் நோர்வித் (1821–1883). தம் காலத்தில் படிக்கப்படாமல், பாரிஸ் நகரத்து ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் உயிர்நீத்து, பின்னர் போலந்து மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராக உயர்ந்தவர். அவருடைய கவிதைகளைப் பற்றி எழுதியோர் பலர். அவருடைய பெயரைப் பற்றித் தமிழில் பேசியோர் இலர் என்றே எண்ணுகிறேன். இன்று போலந்து நாட்டில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயராகத் தாங்கி வாழ்வோர் மிகச் சிலரே. ஆனால் அந்நாட்டின் தெருக்களிலும் பள்ளிகளிலும் அகராதியிலும் அப்பெயர் நிறைந்திருக்கிறது. இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வது கவிதை எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் பயனுடையதாகும்.

போலந்துக் குடும்பப்பெயர்களின் வகைகள்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றைப் போலவே போலந்திலும் ஒருவருக்கு இடப்படும் பெயரோடு, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் ஒன்றும் உண்டு. உயர்குடியினரிடையே 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்கம் நிலைபெற்றது. நகரமாந்தரிடமும் உழவரிடமும் அது பின்னரே முழுமையாகப் பரவியது.

இப்பெயர்களைப் பொதுவாகச் சில வகைகளுள் அடக்கலாம். முதலாவது, ஊரையும் நிலத்தையும் சுட்டுவது. 'ஸ்கி' என முடியும் பெயர்களுள் பெரும்பகுதி இவ்வகையின. இன்ன ஊருக்கு உரியவர் என்னும் பொருளில் தொடங்கியவை அவை. இரண்டாவது, தந்தை பெயரால் அமைவது. 'விச்' என முடியும் பெயர்கள் இன்னாரின் மகன் எனப் பொருள் தருவன. பெருங்கவிஞர் ஆதாம் மிஸ்கியேவிச்சின் பெயர் இவ்வகையைச் சார்ந்தது. திமித்ரி என்னும் பெயரின் சுருக்கமே அதன் அடிச்சொல். மூன்றாவது, தொழிலையோ நிலையையோ சுட்டுவது. 'கோவால்' என்றால் கொல்லர். அதிலிருந்து பிறந்தது கோவால்ஸ்கி. 'நோவாக்' என்றால் புதிதாக வந்தவர். இன்று போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் நோவாக் என்பதே. 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்பெயரைத் தாங்கியுள்ளனர்.

அறிஞர் காஸிமீர் ரிமுத் (1935–2006), 1990ஆம் ஆண்டு அரசுப் பதிவேட்டின் அடிப்படையில், போலந்தில் வழங்கும் குடும்பப்பெயர்களை 10 தொகுதிகளாக 1992 முதல் 1994 வரை வெளியிட்டார். ஏறத்தாழ 4 இலட்சம் பெயர் வடிவங்கள் கொண்ட கடல் அது. நோவாக் போன்ற ஒரு சில பெயர்கள் அதில் பேரலைகள். ஒற்றை ஊரில் ஓரிரு வீடுகளில் மட்டும் வழங்குவன எண்ணற்ற சிறுதுளிகள். நோர்வித் என்பது அத்துளிகளோடு வைத்து எண்ணத்தக்க பெயர்.

இப்பெயரை மேற்சொன்ன மூன்று வகைகளுள் எதிலும் அடக்க இயலாது. அதில் 'ஸ்கி'யும் இல்லை, 'விச்'சும் இல்லை. அது எந்த ஊரையும் தொழிலையும் சுட்டவில்லை. போலிஷ் மொழியின் வேர்ச்சொல் எதனோடும் பொருந்தவும் இல்லை. காரணம் எளியது. அது போலிஷ் மொழிப் பெயரே அன்று.

லிதுவேனிய வேர்

நோர்வித் குடும்பத்தின் பூர்விகம் லிதுவேனியாவின் மேற்குப் பகுதியாகிய சமோகித்தியா ஆகும். அம்மக்கள் தம் நிலத்தை 'ஜெமைத்தியா' என்பர். போலந்தியர் அதனை 'ஜ்முத்ஜ்' என்பர். ஐரோப்பாவிலேயே மிகப் பிந்திக் கிறித்தவத்தை ஏற்ற நிலப்பகுதி அது. லிதுவேனியாவின் பெரும்பகுதி 1387ஆம் ஆண்டு ஞானமுழுக்குப் பெற்றது. சமோகித்தியாவில் அப்பணி 1413ஆம் ஆண்டுதான் தொடங்கியது. 1417இல் அதற்கெனத் தனி மறைமாவட்டம் அமைக்கப்பெற்றது.

அதற்கு முன்னர் லிதுவேனிய உயர்குடியினர் தம் மக்களுக்கு இட்ட பெயர்கள் இருசொற் கூட்டாக அமைந்தவை. மின்தவ்கஸ், கெதிமினஸ், அல்கிர்தஸ் என வரும் பேரரசர் பெயர்கள் யாவும் அவ்வாறு அமைந்தவையே. அப்பெயர்களில் வரும் உறுப்புச்சொற்கள் நினைவு, மிகுதி, கேள்வி, மக்கள், காட்சி, விழைவு போன்ற பொருள் தருவன. இவற்றுள் இரண்டை இணைத்துப் பெயரிடுவர். இரண்டும் சேர்ந்து ஒரு தொடராகப் பொருள்படவேண்டும் என்பது கட்டாயம் அன்று. நன்மை தரும் இரு சொற்கள் ஒரு குழந்தையின் தலைமேல் சேர்ந்து அமரவேண்டும் என்பதே நோக்கம்.

'நோர்வீதாஸ்' அத்தகைய பெயர்களுள் ஒன்று. 'நோர்' என்பது விரும்புதலைக் குறிக்கும் வேர். 'வீத்' என்பது காணுதலைக் குறிக்கும் வேர். இறுதியில் நிற்கும் 'ஆஸ்' ஆண்பால் விகுதி. விழைவும் காட்சியும் கூடிய பெயர் என நாம் விளக்கலாம். இதே இரண்டாம் உறுப்பைத் தவ்த்வீதாஸ், மன்த்வீதாஸ் முதலிய பெயர்களிலும் காணலாம். முதல் உறுப்பை நோர்விலாஸ் முதலிய பெயர்களில் காணலாம். ஆகவே இது தனித்து நிற்கும் விந்தைப் பெயர் அன்று. ஒரு பெரிய பெயர்க்குடும்பத்தின் உறுப்பினரே.

கவிஞர் ஒருவருக்கு விழைவு, காட்சி எனும் இரு சொற்களால் ஆன பெயர் வாய்த்ததை எண்ணி நாம் வியக்கலாம். ஆயினும் அவ்வியப்பின்மேல் அதிகம் கட்டுதல் கூடாது. அப்பெயரை முதலில் தாங்கியவர் கவிஞர் அல்லர். பெயர் அறியா ஏதோ ஒரு முன்னோரின் குழந்தைப்பருவத்தில் இடப்பட்ட வாழ்த்து அது.

தனிப்பெயர் குடும்பப்பெயர் ஆனது

ஓர் ஆளுக்கு இட்ட பெயர் எவ்வாறு ஒரு குலத்தின் பெயராகியது என்பதற்கு அரசகுலத்திலேயே விளக்கம் உண்டு. லிதுவேனியப் பெருங்கோமகன் யோகைலா, போலந்து அரசி யத்விகாவை மணந்து அந்நாட்டு மன்னராவதற்காக 1386ஆம் ஆண்டு கிராகோவ் நகரில் ஞானமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு 'விளாதிஸ்லாவ்' என்னும் கிறித்தவப் பெயர் சூட்டப்பெற்றது. பழைய பெயரோ அழியவில்லை. போலிஷ் நாவில் 'யாகியெல்லோ' எனத் திரிந்து புதுப்பெயரின் பின்னால் நின்றது. அவர் வழிவந்த மன்னர்குலமே 'யாகியெல்லோன்' என வரலாற்றில் வழங்கலாயிற்று.

அரசருக்கு நிகழ்ந்ததே மற்றக் குடிகளுக்கும் நிகழ்ந்தது. ஞானமுழுக்கின்போது பீட்டர், ஜான், ஸ்தனிஸ்லாவ் முதலிய பெயர்கள் முன்னால் வந்தன. பாட்டன் தாங்கிய பழம்பெயர் பின்னால் சென்று குடும்பப்பெயராக உறைந்தது. புதிய குழந்தைகளுக்கு அப்பழம்பெயர்கள் இடப்படுதல் நின்றது. ஆனால் இடப்பட்ட இடத்தில் அவை கல்லாய் நின்றன. லிதுவேனியாவின் பழஞ்சமயக் காலத்துப் பெயர்களில் பல இன்று நமக்குக் கிடைப்பது இக்குடும்பப்பெயர்கள் வாயிலாகத்தான். ரத்ஜிவில், நார்புத், கியெத்ரோய்ச், மோன்த்வில் எனப் போலந்து வரலாற்றில் புகழ்பெற்ற குடும்பப்பெயர்கள் பலவும் இவ்வாறு பிறந்த லிதுவேனியப் பெயர்களே.

1413ஆம் ஆண்டு ஹோரோத்லோ என்னுமிடத்தில் செய்யப்பெற்ற உடன்படிக்கையின்படி, லிதுவேனியக் குடும்பங்கள் 47ஐப் போலந்து உயர்குடியினர் தம் குலச்சின்னங்களில் பங்காளிகளாக ஏற்றனர். அதன் பின்னர்ச் சின்னங்களோடு மொழியும் வழக்கங்களும் கிழக்கு நோக்கிப் பரவின. 1569ஆம் ஆண்டு லுப்ளின் ஒன்றியத்தால் இரு நாடுகளும் ஒரே குடியரசாயின. அடுத்த இரு நூற்றாண்டுகளில் லிதுவேனிய உயர்குடியினரின் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் போலிஷ் ஆயிற்று. மொழி மாறியபோதும் தாம் லிதுவேனியர் என்னும் எண்ணம் அவர்களிடம் மறையவில்லை. போலிஷ் மொழியின் தலையாய கவிஞராகிய மிஸ்கியேவிச்சே லிதுவேனியாவைத்தான் தம் தாயகம் எனப் பாடினார். நோர்வித் குடும்பத்தினர் கோடரி பொறித்த 'தோபூர்' என்னும் போலந்துக் குலச்சின்னத்தைத் தாங்கினர்.

ஒலி தேய்ந்த வரலாறு

மொழி மாறியபோது பெயரின் ஒலியும் மாறியது. இம்மாற்றம் கவிஞர்களின் கவனத்திற்கு உரியது. லிதுவேனிய மொழியில் நம் மொழியைப் போலவே குறில் நெடில் வேறுபாடு உண்டு. 'நோர்வீதாஸ்' என்பதில் வரும் 'வீ' நெடில். இன்றைய போலிஷ் மொழியில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே நெடில் குறுகியது. 'ஆஸ்' என்னும் விகுதி போலிஷ் இலக்கணத்திற்கு வேண்டாததாகையால் உதிர்ந்தது. எஞ்சியது 'நோர்வித்'.

அவ்வெஞ்சியதிலும் ஒரு நுட்பம் உண்டு. போலிஷ் மொழியில் சொல்லின் இறுதியில் நிற்கும் மெல்லோசைத் தகரம் வல்லோசைத் தகரமாக ஒலிக்கும். பின்னால் ஒரு வேற்றுமை உருபு வந்து சேர்ந்தால், 'நோர்விதா' என, அது மீண்டும் பழைய மெல்லோசைக்குத் திரும்பும். தனித்து நிற்கையில் ஒருவாறும், உறவோடு நிற்கையில் வேறொருவாறும் ஒலிக்கும் பெயர் அது. தமிழெழுத்தில் இவ்விரண்டு ஒலிகளையும் 'த' என்னும் ஒரே எழுத்தின் வரியில் நாம் எழுதிவிடுகிறோம். எழுத்து ஒன்றாகவே நிற்க, ஒலி இடம்நோக்கி மாறுதல் நமக்குப் பழகியதுதானே.

கவிஞரின் குடும்பம்

சிப்ரியன் நோர்வித் பிறந்த ஊர் சமோகித்தியாவில் இல்லை. வார்சாவுக்கு வடகிழக்கே மசோவியப் பகுதியில் உள்ள லாஸ்கோவோ குவூகி என்னும் சிற்றூரில் 1821ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள் அவர் பிறந்தார். அதற்குள் போலந்து என்னும் நாடு வரைபடத்தில் தன்னுரிமையோடு இல்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று பிரிவினைகளால் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கவிஞரின் ஊர் இரஷ்யப் பேரரசருக்கு உட்பட்டிருந்தது.

நான்கு வயதில் தாயை இழந்தார். இளமையிலேயே தந்தையையும் இழந்தார். தாய்வழியில் மன்னர் சோபியெஸ்கியின் குலத்தோடு தமக்கு உறவுண்டு என்பதில் அவருக்குப் பெருமிதம் இருந்தது. அவருடைய தமையன் லுத்விக்கும் கவிதை எழுதியவர். 1842ஆம் ஆண்டு கலைப்பயிற்சியின் பொருட்டு நாட்டை விட்டுச் சென்ற சிப்ரியன், பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை.

அவர் திரும்பாமற்போனதில் அவர் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. தப்பியோட வேண்டிய நிலையில் இருந்த ஒருவருக்குத் தம் கடவுச்சீட்டை அவர் கொடுத்து உதவினார். அதன் விளைவாக 1846ஆம் ஆண்டு பெர்லினில் சிறைப்பட்டார். சிறை அவர் உடல்நலத்தையும் செவிப்புலனையும் கெடுத்தது. விடுதலைக்குப்பின் அவர் முறையான ஆவணமற்ற நாடுகடந்த மனிதரானார். தம் பெயர் பொறித்த தாளை இன்னொருவர் உயிர்காக்க ஈந்தவர், வாழ்நாள் முழுதும் அப்பெயரோடு தம் மண்ணுக்குத் திரும்ப இயலாதவரானார்.

ரோம், பாரிஸ், 1853–54இல் நியூயார்க், இலண்டன், மீண்டும் பாரிஸ் என வறுமையோடு அலைந்தார். ஓவியமும் செதுக்குவேலையும் செய்து பிழைத்தார். 1863ஆம் ஆண்டிட்டு லைப்ஸிக் நகரில் வெளிவந்த கவிதைத் தொகுதி பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1865–66இல் நூறு கவிதைகளாகத் தொகுத்த 'வாதெ மேகும்' அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. 1877ஆம் ஆண்டு பாரிசில் போலந்துத் துறவியர் நடத்திய புனித காசிமீர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்து, 1883ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அங்கே இறந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளும் இல்லை.

அருகியதன் காரணங்கள்

நோர்வித் என்னும் குடும்பப்பெயர் போலந்தில் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணங்கள் சிலவற்றை வரிசையாகக் காணலாம்.

முதற்காரணம், அதன் பிறப்பிலேயே உள்ளது. கொல்லர் இல்லாத ஊர் இல்லை. ஆகவே கோவால்ஸ்கி என்னும் பெயர் ஒன்றோடொன்று உறவில்லாத ஆயிரம் இடங்களில் தனித்தனியே தோன்ற முடிந்தது. நோர்வித் என்பதோ, ஒரு குறிப்பிட்ட நிலத்தில், பழம்பெயர்கள் உறைந்த குறுகிய காலத்தில், அப்பெயருடைய முன்னோர் இருந்த குடும்பங்களில் மட்டும் தோன்றியது. ஊற்றுக்கண் சிறியது. ஆகவே ஆறும் சிறியது.

இரண்டாவது, தந்தைவழியில் மட்டும் பெயர் தொடரும் வழக்கம். மகன் இல்லாத வீட்டோடு பெயர் நின்றுவிடும். இதனைக் கணித முறையில் ஆராய முற்பட்டவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். அவர் 1873ஆம் ஆண்டு எழுப்பிய வினாவுக்கு ஹென்றி வாட்சன் விடை கண்டார். இருவரும் 1874இல் அதனை வெளியிட்டனர். வாட்சனின் முடிவில் பிழை இருந்ததைப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் சிறு எண்ணிக்கையோடு தொடங்கும் பெயர்கள், குடும்பங்கள் நலிவுறாதபோதும், தற்செயலாகவே சில தலைமுறைகளில் அற்றுப்போகக் கூடும் என்னும் உண்மை அவ்வாய்வினால் தெளிவாயிற்று.

மூன்றாவது, வரலாற்றின் கொடுமை. 1830–31, 1863–64 ஆகிய இரு எழுச்சிகளில் லிதுவேனிய, போலந்து உயர்குடி இளைஞர்கள் மாண்டும், சைபீரியாவுக்குக் கடத்தப்பட்டும், மேலைநாடுகளுக்கு அகன்றும் போயினர். இரண்டு உலகப்போர்கள் எஞ்சியதைச் சிதைத்தன. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் லிதுவேனியாவிலிருந்து போலந்துக்கு ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயர்ந்தனர். வேரும் கிளையும் வேறு வேறு நாடுகளில் நின்றன.

நான்காவது காரணமே நாம் பெரிதும் கருதத்தக்கது. இப்பெயர் முற்றும் அழியவில்லை. எழுத்துகளால் பிரிக்கப்பட்டது.

எழுத்து பிரித்த உறவு

1863ஆம் ஆண்டு எழுச்சியை அடக்கிய இரஷ்ய அரசு, லிதுவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடுதலைத் தடைசெய்தது. 1904 வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அத்தடை நீடித்தது. அரசு ஏடுகளில் பெயர்கள் இரஷ்ய எழுத்தில் பதிவாயின. மறைபொருளாக அச்சிட்ட நூல்களை எல்லைக்கு அப்பாலிருந்து சுமந்துவந்து மக்களுக்கு வழங்கிய நூற்கடத்தலாளர்களை லிதுவேனியர் இன்றும் போற்றுகின்றனர்.

1918ஆம் ஆண்டு இரு நாடுகளும் விடுதலை பெற்றன. ஆனால் வில்னியூஸ் நகர் யாருடையது என்பதில் பகைமூண்டு, 1938 வரை தூதுறவு இல்லாதிருந்தன. லிதுவேனியா தன் மொழியின் எழுத்தையும் விகுதிகளையும் பெயர்களில் நிலைநாட்டியது. போலிஷில் வகர ஒலியைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து லிதுவேனிய நெடுங்கணக்கில் இல்லை. ஆகவே எல்லைக்கு அப்பால் நின்ற உறவினர் நோர்வித் ஆகவும், இப்பால் நின்றவர் நோர்வீதாஸ் ஆகவும் எழுதப்படலாயினர். ஒரே பாட்டனின் பேரர்கள் ஏட்டில் அயலார் ஆயினர்.

லிதுவேனிய வடிவத்திற்குள் மேலும் பிரிவுகள் உண்டு. கணவர் நோர்வீதாஸ் எனில் மனைவி நோர்வீதியெனே. மணமாகாத மகள் நோர்வீதைத்தே. 2003ஆம் ஆண்டு முதல், மணநிலையைக் காட்டாத சுருங்கிய பெண்பால் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளவும் அந்நாட்டில் இடம் உண்டு. போலிஷ் மொழியிலும் முன்னாளில் நோர்வித் வீட்டு மனைவி 'நோர்விதோவா', மகள் 'நோர்விதூவ்னா'. இன்று பெண்களும் பெரும்பாலும் விகுதியின்றியே இத்தகைய பெயரை எழுதுகின்றனர். பதிவேட்டில் பெயர்களை எண்ணும் கணக்கர் ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் ஒவ்வொரு பெயராக எண்ணுவார். மொழியியலாளருக்கோ இவையனைத்தும் ஒரே மரத்தின் கிளைகள். போலந்தின் பட்டியலை மட்டும் பார்ப்பவர் 'அருகிய பெயர்' என்பார். இரு நாட்டுப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் 'பிரிந்த பெயர்' என்பார். இரண்டும் உண்மையே.

2022ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, லிதுவேனியாவில் உரிய குடும்பப் பின்னணி உடையோர் தம் ஆவணங்களில் அந்த 'டபிள்யூ' எழுத்தைப் பயன்படுத்தலாம் என்னும் நிலை ஏற்பட்டது. ஓர் எழுத்திற்காக அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வழக்குகளும் விவாதங்களும் நடந்தன. எழுத்தைக் குறித்துச் சண்டையிடுவது வீண் எனச் சிலர் கூறக்கூடும். தம் பெயரைத் தம் பாட்டனார் எழுதியவாறே எழுத வேண்டும் என்று விரும்பியவரின் மனத்தை அவர்கள் அறியார்.

பெயர் பெற்ற புதிய உறவுகள்

குடும்பங்களில் அருகிய அப்பெயர் வேறு வழியில் பெருகிய கதையும் உண்டு. 1897ஆம் ஆண்டு வியன்னா நூலகத்தில் ஸெனோன் ப்ஷெஸ்மித்ஸ்கி (1861–1944) என்னும் கவிஞர் நோர்வித்தின் லைப்ஸிக் தொகுதியைத் தற்செயலாகக் கண்டார். 'மிரியம்' என்னும் புனைபெயரில் எழுதியவர் அவர். படித்தவர் திகைத்தார். 1901 முதல் 1907 வரை வார்சாவில் தாம் நடத்திய 'கிமேரா' இதழில் நோர்வித்தின் படைப்புகளை வெளியிட்டார். கையெழுத்துப்படிகளைத் தேடித் திரட்டுதலைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். அவருக்குப்பின் யூலியுஸ் கொமுலித்ஸ்கி 1971 முதல் 1976 வரை 11 தொகுதிகளாக முழுப் படைப்புகளையும் பதிப்பித்தார்.

கவிஞரின் பெயரை விரும்பித் தமதாக்கிக்கொண்டவரும் உளர். போலந்து விடுதலைப் படையில் சேர்ந்த இளைஞர்கள் மறைபெயர் சூடுதல் வழக்கம். நாடு விடுதலையுற்றபின் பலர் அம்மறைபெயரைத் தம் குடும்பப்பெயரோடு நிலையாக இணைத்துக்கொண்டனர். எத்வர்த் ரித்ஸ் என்பவர் ரித்ஸ் ஸ்மிக்லி ஆனது அவ்வாறே. மியெச்சிஸ்லாவ் நொய்கெபாவர் (1884–1954) என்னும் வீரர் சூடிய மறைபெயர் 'நோர்வித்'. பின்னாளில் படைத்தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய அவரை வரலாறு நோர்வித் நொய்கெபாவர் என்றே அறிகிறது. ஜெர்மானிய ஒலியுடைய குடும்பப்பெயருக்கு முன்னால், லிதுவேனிய வேருடைய பெயர் ஒன்று, போலந்துக் கவிஞரின் வாயிலாக வந்து அமர்ந்தது.

மொழியும் அப்பெயரைத் தத்தெடுத்தது. நோர்வித்துக்கு உரியது என்னும் பொருளில் ஒரு பெயரடை போலிஷில் வழங்குகிறது. நோர்வித்தைப் பற்றிய ஆய்வுத்துறைக்கும் அவ்வாய்வாளருக்கும் அவர் பெயரடியாகவே சொற்கள் பிறந்துள்ளன. லுப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவர் படைப்புகளுக்கெனத் தனி ஆய்வு மையம் இயங்குகிறது. 'ஸ்தூதியா நோர்விதியானா' என்னும் ஆய்விதழ் 1983 முதல் வெளிவருகிறது. யெலெனியா கூரா நகர நாடக அரங்கு அவர் பெயரைத் தாங்கியுள்ளது. போலந்து நகரங்களின் தெருப்பலகைகளில் அவர் பெயர் வேற்றுமை உருபேற்று 'நோர்விதா' என நிற்கிறது. நோர்வித் வீட்டில் பிறவாத எத்தனையோ பேர் தம் முகவரியில் அப்பெயரை நாள்தோறும் எழுதுகின்றனர்.

கல்லறை இல்லாத பெயர்

கவிஞரின் உடல் முதலில் இவ்ரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. 1888ஆம் ஆண்டு அதனைப் பாரிசுக்கு அருகில் மோன்மொரான்சியில் உள்ள போலந்தியர் இடுகாட்டிற்கு மாற்றினர். அங்கே அவ்விடத்திற்குக் கட்டிய கட்டணம் 15 ஆண்டுகளுக்கு மட்டுமே. காலம் முடிந்தபோது எவரும் வந்து புதுப்பிக்கவில்லை. எலும்புகளை எடுத்து மற்றவர்களோடு சேர்த்துப் பொதுக்குழியில் இட்டனர். அதன்பின் எது யாருடையது எனப் பிரித்தறிய வழியில்லை. இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கல்லறைக்கு வாரிசு இல்லாமற்போன அந்த ஆண்டுகளில்தான் வார்சாவில் மிரியம் அவர் கவிதைகளை அச்சேற்றிக்கொண்டிருந்தார்.

கிராகோவ் நகரின் வாவெல் பேராலயத்தில் கவிஞர்களுக்கென ஒரு நிலவறை உண்டு. மிஸ்கியேவிச்சின் உடல் 1890ஆம் ஆண்டும், ஸ்லொவாத்ஸ்கியின் உடல் 1927ஆம் ஆண்டும் பிரான்சிலிருந்து அங்குக் கொணரப்பெற்றன. நோர்வித்தைக் கொணர்வதற்கு உடல் இல்லை. ஆகவே அப்பொதுக்குழியின் மண்ணை எடுத்து ஒரு கலத்தில் இட்டு, 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆம் நாள், அவருடைய 180ஆம் பிறந்தநாளில், அங்கு வைத்தனர். பலருடைய எச்சங்கள் கலந்த மண் அது. அதன்மேல் பொறித்த பெயர் மட்டும் ஒருவருடையது.

பிள்ளை இல்லாத நோர்வித், தம் காலத்தவர் அறியாததைப் பின்வரும் தலைமுறை அறியும் என நம்பினார். அவ்வருங்கால வாசகரை அவர் 'பேரன்' என்னும் உறவுமுறையால் விளித்திருப்பது குறிப்பிடத்தக்கது. தந்தைவழி மட்டுமே பெயரைக் கடத்தும் சமூகத்தில், குருதித் தொடர்பில்லாத ஒருவரை அவர் தம் வழித்தோன்றலாக ஏற்றார். 40 ஆண்டு இளையவரான மிரியம் வியன்னா நூலகத்தில் அந்நூலைத் திறந்தபோது, அந்தப் பேரன் வந்து சேர்ந்தார்.

இப்பெயரின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? குலம் பெயரைக் காக்கும் என்பது முழு உண்மை அன்று. விழைவும் காட்சியுமாகப் பிறந்த ஒரு பெயரை ஐந்நூறு ஆண்டுகள் குலம் சுமந்தது. பின்னர் எல்லையும் எழுத்தும் எழுச்சியும் அக்குலத்தைச் சிதறடித்தன. அதன்பின் அப்பெயரைத் தாங்கியவர்கள் ஒரு நூலகத்து வாசகர், ஓர் இதழாசிரியர், ஒரு பதிப்பாசிரியர். அவர்களுள் ஒருவர்கூட நோர்வித் அல்லர்.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் வட்டத்தின் அலமாரியில், உறுப்பினர் பலரும் தம் செலவில் அச்சிட்ட மெல்லிய கவிதை நூல்கள் இருக்கின்றன. சிலவற்றின் ஏடுகள் இன்னும் பிரிக்கப்படவே இல்லை என்பதை நாம் அறிவோம். 1863ஆம் ஆண்டின் அந்த லைப்ஸிக் தொகுதியும் ஒரு நூலகத்தில் 34 ஆண்டுகள் அவ்வாறே காத்திருந்தது. எழுதுவோராகிய நாம், படிப்போராகவும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கிறோம். இவ்வாண்டு நிறைவுறுவதற்குள் அவ்வலமாரியிலிருந்து, தமக்கு அறிமுகமில்லாத ஒருவரின் நூலை நம்முள் ஒவ்வொருவரும் எடுத்துப் படித்து, அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுவோமாக.